நேற்று ராத்திரி குழுவை மூடியது ஏன்?

எல்லாருக்கும் வணக்கம். நேற்று இரவு பத்தரையிலிருந்து காலை ஆறு வரை நம் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றி வைத்தவன் நான்தான். போனில் கோளாறு என்று நினைத்து அணைத்து அணைத்துப் போட்டவர்கள் மன்னிக்கவும்.

ஆரம்பித்தது மொட்டைமாடித் தொட்டி வழிந்ததில். மோட்டாரை நிறுத்தாதது யார் என்ற கேள்வி, பத்தே நிமிடத்தில் கேட்டை மறித்து நிற்கும் வெள்ளைக் காருக்குப் போய், அங்கிருந்து இரண்டாம் மாடியில் காயும் துணியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வந்து, கடைசியில் போன பொங்கலுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதில் நின்றது. தொட்டி அதுவரை வழிந்துகொண்டேதான் இருந்தது. போய் நிறுத்தியவர் வாட்ச்மேன் தாத்தா. அவர் இந்தக் குழுவிலேயே இல்லை!

கிண்டல் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் மாடி அக்காவின் மீம்கள் இல்லாவிட்டால் இங்கே வெறும் குட்மார்னிங் ரோஜாப்பூதான். ஆனால் சண்டைக்குள் ஒரு பிள்ளையின் மார்க்கை இழுத்தது சரியில்லை. அதை நான் அழித்துவிட்டேன்; எழுதியவருக்குத் தெரியும். வாட்ஸாப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

"அட்மின் மேல் கேஸ் போடுவேன்" என்ற சாருக்கு: உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் பொறுப்பல்ல என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-லேயே சொல்லிவிட்டது.

தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும் கருவி வாங்கலாமா? கீழே வாக்கெடுப்பு இருக்கிறது, சனிக்கிழமைக்குள் ஓட்டுப் போடுங்கள். பார்க்கிங் விவகாரம் ஞாயிறு காலை 10 மணிக்கு மொட்டைமாடியில், நேரில். காபி எங்கள் வீட்டிலிருந்து வரும். டம்ளர் மட்டும் கொண்டு வாருங்கள்.