புவியியல் பாடத்தில் நம் கடற்கரை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் அறிவுறுத்தியது. அதன்பின் பாடம் இல்லை என்று யாரும் குறை கூற முடியாது; ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் உயிர்க்கோளமும் பேரிடர் மேலாண்மையும் தனித்தனி அலகுகளாகவே உள்ளன. ஆனால் மாநிலம் முழுமைக்கும் எழுதப்படும் நூல் மாணவரின் சொந்த ஊரைத் தொடாமல் போகிறது என்பதே என் குறை.

கடல் ஓங்கல், கடல் குகை, கடல் தூண் ஆகியவற்றை மாணவர்கள் அழகாகப் படம் வரைந்து பாகம் குறிக்கிறார்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோர ஊர்களிலோ, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலை வீட்டு வாசல் வரை ஏறுகிறது. மக்கள் தூண்டில் வளைவு கேட்டு மறியல் செய்கிறார்கள். கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டப்படும் அந்தத் தூண்டில் வளைவு, கரையோரமாக நகரும் மணலைத் தடுத்து ஒரு பக்கத்தில் சேர்க்கிறது. மறுபக்கத்தில் மணல் வரத்துக் குறைந்து அடுத்த ஊரின் கரை அரிக்கப்படுகிறது. அவ்வூராரும் தங்களுக்கொன்று கேட்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. இயற்கையின் இயக்கமும் மனிதரின் தேவையும் மோதும் இதைவிடச் சிறந்த புவியியல் பாடம் எங்கே கிடைக்கும்?

சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. போட்டித் தேர்வுக்கு அப்பெயர்களை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் பேருந்திலிருந்து தெரியும் சுசீந்திரம் குளமும் அவற்றில் சேர்ந்ததே என்று தெரியும்? மணவாளக்குறிச்சி மணலும் இப்படித்தான், கனிம வளம் என்ற தலைப்போடு நின்றுவிடுகிறது.

தேரூரிலேயே இயங்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், இம்மாவட்டத்துக்கென ஒரு துணைக் கையேட்டைத் தயாரிக்கலாம். கடலோரப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊர்க் குருசடியிலிருந்தோ (சிலுவை நிறுவிய சிறு வழிபாட்டிடம்) கோயில் மதிலிலிருந்தோ அலை ஏறும் எல்லை வரையுள்ள தூரத்தை, கடல் அமைதியாக இருக்கும் நாள் பார்த்து, ஆசிரியர் துணையுடன் செப்டம்பரில் ஒரு முறையும் பிப்ரவரியில் ஒரு முறையும் அளந்து பதிவு செய்யட்டும். உள்நாட்டுப் பள்ளிகள் அருகிலுள்ள குளத்தின் மடையையும், உபரி நீர் வெளியேறும் மறுகாலையும் வரைபடமாக்கட்டும். வகுப்பில் கற்கும்போதே நடத்தப்படும் வளரறி மதிப்பீட்டில் இதற்கு மதிப்பெண் அளிப்பது அவசியம். மதிப்பெண் இல்லாத எதையும் நம் பள்ளிகள் நெடுநாள் செய்வதில்லை. பொதுத்தேர்வு இல்லாத ஒன்பதாம் வகுப்பில் இதைத் தொடங்க, அடுத்த பாடநூல் அச்சாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.