சிறிய இணைய மன்றங்களுக்கும் ஒரு கோடு போடுங்கள்

மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். மாடித்தோட்டம் போடுபவர்கள் கூடிப் பேசும் சிறிய இணைய மன்றம் ஒன்றை நடத்துகிறேன். விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. சர்வர் வாடகை என் சம்பளத்திலிருந்து போகிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் என்ன தெளிப்பது, நாட்டுக் கத்தரி விதை யாரிடம் கிடைக்கும் என்பதுதான் அங்கே பேச்சு. சேர்வதற்கு ஒரு புனைபெயரும் மின்னஞ்சல் முகவரியும் போதும். விதை அனுப்பிக்கொள்பவர்கள் வீட்டு முகவரியைத் தனிமடலில் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வார்கள்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தால், நானும் ஒரு தரவுப் பொறுப்பாளர் என்றுதான் தெரிகிறது. எந்தத் தகவலை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று தீர்மானிப்பவர் தனி ஆளாக இருந்தாலும் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறார். சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு உண்டுதான். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் சேரும் மன்றம் வீட்டு உபயோகம் ஆகுமா? சட்டம் அதை விளக்கவில்லை. ஐரோப்பாவில் இதே கேள்வி 2003-லேயே வந்தது. ஸ்வீடனில் தேவாலயத் தொண்டு செய்துவந்த ஒரு பெண், உடன் பணிபுரிந்தவர்களைப் பற்றித் தன் இணையப் பக்கத்தில் எழுதினார். எவரும் படிக்கக்கூடிய இணையத்தில் போட்டுவிட்டதால் அது வீட்டு விஷயம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே வேறு மாதிரித் தீர்ப்பு வரும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

உறுப்பினர்கள் தாங்களாகவே பொதுவில் எழுதும் பதிவுகள் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. நல்லது. மின்னஞ்சல் முகவரி, ஐபி முகவரி (ஒருவர் எந்த இணைப்பிலிருந்து வருகிறார் என்று காட்டும் எண்), தனிமடல் இவை உள்ளே வருகின்றன.

இந்தச் சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன பிறகும் சட்டம் வர 6 ஆண்டுகள் ஆயின. நம் செல்பேசி எண் யார் யாரிடமோ கைமாறி, கடன் வேண்டுமா என்று நாள் முழுக்க அழைப்பு வரும் ஊரில் இது எப்போதோ வந்திருக்க வேண்டும். என் வருத்தம் வேறு. ஆட்களைப் பற்றி முடிந்தவரை குறைவாகத் தெரிந்துவைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களை, அதிகமாகச் சேகரிக்கும்படி உங்கள் விதிகள் தள்ளுகின்றன.

இந்தச் சட்டத்தின் கீழ் 2025 நவம்பரில் நீங்கள் அறிவித்த விதிகளில் 8-ஆவதைப் பாருங்கள். கையாண்ட தகவலையும் அது தொடர்பான பதிவேடுகளையும் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டுமாம். ஸ்பேம் கணக்குகளைத் தடுக்க ஐபி முகவரிகளை ஒரு வாரம் வைத்துவிட்டு அழித்துவிடுவது என் வழக்கம். கையில் இல்லாததை யாரும் திருட முடியாது. இனி அவற்றை ஓர் ஆண்டு சேர்த்துவைத்து, பூட்டி, காவலும் காக்க வேண்டும். யாருடைய அந்தரங்கம் இதனால் பாதுகாக்கப்படுகிறது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அடுத்து, 18 வயது. எங்களிடம் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளித் தோட்டத்துக்கு மண்கலவை எப்படி என்று கேட்பார்கள், பெரியவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். 18 வயது ஆகாதவர்கள் சேர இனி பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதுவும் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல். ஒப்புதல் தருபவர் வயது வந்தவர்தான் என்பதை அவருடைய அடையாள விவரங்களை வைத்தோ, அரசின் டிஜிலாக்கர் வழியாக வரும் டோக்கனை (மின்னணுச் சான்றை) வைத்தோ உறுதி செய்ய வேண்டும். ஒரு பிள்ளை தக்காளிச் செடியைப் பற்றிக் கேட்பதற்கு, அவள் அம்மாவின் பிறந்த தேதி எனக்கு எதற்கு? அப்புறம், யார் சிறுவர் என்று தெரிந்துகொள்ள எல்லாரிடமும் வயது கேட்க வேண்டிவரும். புனைபெயரோடு நிம்மதியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடமும்தான்.

சிறுவர் தொடர்பான விதியை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி வரை. அது உச்சவரம்புதான், அபராதம் அந்த ஆளை எப்படிப் பாதிக்கும் என்பதையும் அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் கணக்கில் எடுக்கும் என்று சட்டத்தின் 33-ஆம் பிரிவு சொல்கிறது. தெரியும். ஆனாலும் மாதச் சம்பளக்காரர் அந்த எண்ணைப் பார்த்ததும் என்ன செய்வார்? மன்றத்தை மூடிவிட்டு எல்லாரையும் ஒரு ஃபேஸ்புக் குழுவுக்குப் போகச் சொல்வார். எந்தப் பெரிய நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட நினைத்தீர்களோ, அவர்கள் வாசலிலேயே ஆள் சேர்த்துவிட்டதாக ஆகும்.

அளவைப் பார்த்து விதி போடுவது உங்களுக்குப் புதிதல்ல. விதிகளின் மூன்றாம் அட்டவணையில் சமூக ஊடகத்துக்கு 2 கோடி பயனர், ஆன்லைன் விளையாட்டுக்கு 50 லட்சம் என்று நீங்களே எண் போட்டிருக்கிறீர்கள். மேலே கோடு போட்டவர்கள் கீழேயும் ஒன்று போடலாமே. ஆஸ்திரேலியாவில் ஆண்டு வரவு 30 லட்சம் டாலருக்கு மேல் போகாத தொழில்கள் பெரும்பாலும் அந்தரங்கச் சட்டத்துக்குள் வருவதில்லை. அந்த விலக்கை எடுக்க வேண்டும் என்ற பேச்சும் அங்கே இருக்கிறது. அதனால் முழு விலக்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

தகவலைப் பத்திரமாக வைக்கும் கடமை எங்களுக்கும் இருக்கட்டும். கசிவு நடந்தால் உறுப்பினர்களுக்கு உடனே சொல்வதும், 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு விவரம் தருவதும் இருக்கட்டும். முகவரியை நம்பிக் கொடுத்தவருக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும்.

சட்டத்தின் 17-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, சில வகைப் பொறுப்பாளர்களுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்குத் தரும் அதிகாரத்தை உங்களிடம் கொடுக்கிறது. புத்தொழில் நிறுவனங்களை அங்கே பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறீர்கள். லாபம் பார்க்கும் நிறுவனத்துக்குக் கிடைக்கக்கூடிய சலுகை, லாபமே பார்க்காத ஆளுக்கும் கிடைக்கட்டும். அதில் சிறுவர் ஒப்புதல் அடங்காது. அதற்கு 5-ஆம் உட்பிரிவு இருக்கிறது, சட்டம் அமலுக்கு வந்து 5 ஆண்டுகள் ஆவதற்குள் எந்தப் பிரிவிலிருந்தும் விலக்கு அறிவிக்கலாம். ஓராண்டுச் சேமிப்பு நீங்களே எழுதிய விதி, நீங்களே திருத்தலாம். விளம்பரம் போடாத, தகவலை விற்காத, உறுப்பினர் எண்ணிக்கை ஒரு வரம்புக்குள் இருக்கும் மன்றங்கள் என்று ஒரு வகையை வரையறுங்கள். வரம்பு எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பெரும்பாலான விதிகள் 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அதற்குள் அறிவிக்கை வரவில்லை என்றால், 18 வயது ஆகாதவர்கள் சேர வேண்டாம் என்று பதிவுப் பக்கத்தில் எழுதிவிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இப்படிக்கு,
மாடித்தோட்ட மன்றம் ஒன்றின் நிர்வாகி