எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் இல்லை

சத்துவாச்சாரி
19.1.2026

வாலாஜா மகாராணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். எட்டு மாதமாகப் போனை எடுக்காதவளுக்கு என்ன ஆவல் வேண்டிக் கிடக்கிறது என்று கேட்பாய். கேள், வாங்கிக்கொள்கிறேன். தீபாவளிக்கு நீ புனேயிலிருந்து அனுப்பிய பார்சல் வந்தது. அதற்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாக்கர்வடி முழுவதையும் மாமியாரே தீர்த்துவிட்டார். பல் இல்லை, முறுக்கு வேண்டாம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. கடையில் மோட்டார் வியாபாரம் வெயில் வந்தால்தான் சூடு பிடிக்கும். மஞ்சப்பை அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார். பையில்லாமல் பார்த்தபோது யாரோ என்று நினைத்துவிட்டேன். ராகுகாலம் மிஸ்ஸை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணிக்கு! கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் ரிட்டயர்மென்டோட போச்சுடி" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல முடியாத விஷயம். நீ நடுவில் பேசிவிடுவாய், நான் நிறுத்திவிடுவேன். அதனால்தான் காகிதம்.

பெரியவள் போன நவம்பரில் கேட் எழுதினாள், ஐ.ஐ.எம். மாதிரி இடங்களில் எம்.பி.ஏ. சேர நாம் எழுதிய அதே நுழைவுத் தேர்வு. மோசமில்லாத மதிப்பெண். இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நாம் எழுதியதுபோல் பென்சிலும் வட்டமும் இல்லை இப்போது, எல்லாம் திரையில்தான். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், ஒன்றை முடித்தால் திரும்பிப் போக முடியாது. இங்கிலீஷ் பகுதியில் 24 கேள்வி. அதில் 16 பத்தி படித்துப் பதில் சொல்வது, மீதி வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, சுருக்கம் கண்டுபிடிப்பது. இந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று நேராக ஒரு கேள்வி கிடையாதாம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. மூர் மார்க்கெட்டில் வாங்கிய அந்தத் தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 3500 வார்த்தைக்கு எப்படியடி அழுதோம்!

அந்த நோட்டு கிடைத்துவிட்டது, தெரியுமா? போகிக்குப் பரணை ஒழித்தபோது பெரியவள் எடுத்தாள். காக்கி அட்டை, உன் கோழிக்கிறுக்கல் ஒரு பக்கம், என் கையெழுத்து ஒரு பக்கம். ஆற்காட்டில் பஸ் ஏறினால் மேல்விஷாரம் தாண்டுவதற்குள் பத்து வார்த்தை, ரத்தினகிரி மலை தெரிவதற்குள் இன்னொரு பத்து. அளந்து பேசும் கண்டக்டர் லக்கோனிக், ஓயாமல் பேசும் உன் பெரியத்தை கார்ருலஸ், கெடுபிடியான ஹாஸ்டல் வார்டன் டிராகோனியன். பெரியவள் படித்துப் படித்துச் சிரித்தாள். அப்புறம் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "அம்மா, epitome-க்குப் பக்கத்துல தமிழ்ல எபிடோம்னு எழுதி வச்சிருக்கே, எபிட்டமி இல்ல?" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நீ முன்னால் ஓடாதே.

இரண்டு அழைப்பில் ஒன்று தொல்லையில்லாதது. ஐ.ஐ.எம்.களில் பெரும்பாலும் இப்போது குழு விவாதம், அதுதான் ஜி.டி., வைப்பதில்லை. ஒரு தலைப்பைக் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு, அப்புறம் நேர்முகம். எழுதுவதென்றால் இவள் எழுதித் தள்ளுவாள். இன்னொரு இடத்தில்தான் பழைய மாதிரி ஜி.டி. உண்டு. எனக்கு வந்த கவலையெல்லாம் அதில்தான். அவளை உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கப் போனாலும், அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று வாசலிலேயே நிற்பாள்.

அதனால் மார்கழி பாதியிலிருந்து ஞாயிறு சாயங்காலம் நம் மொட்டை மாடியில் ஜி.டி. நடக்கிறது. சிரிக்காதே. நான்தான் நடுவர். இவள், குடியாத்தத்திலிருந்து வரும் ஒருத்தி, காட்பாடி ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், எதிர்வீட்டு டாக்டர் மகள், ஆம்பூரிலிருந்து ஒரு பையன். ஐந்து பேர், பதினைந்து நிமிடம், ஒரு தட்டு மிக்சர்.

முதல் வாரம் மீன் மார்க்கெட் தோற்றது. எல்லாரும் டி.வி. விவாதம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். குரலை உயர்த்தினால் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார்கள். டாக்டர் மகள் மூச்சே விடுவதில்லை. காட்பாடிப் பையன் கொட்டேஷன் மன்னன். எதை எடுத்தாலும் யாரோ சொன்னதாகத்தான் ஆரம்பிக்கிறான். என் மகள் மரியாதையாக உட்கார்ந்து, யாராவது நிறுத்துவார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தாள். யாரும் நிறுத்தவில்லை. நேரம் முடிந்தது.

இரண்டாவது வாரம் ஒரு வேலை செய்தேன். புளி ஆய்ந்த கொட்டை டப்பாவில் இருந்தது. ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்தேன். ஒரு தடவை வாய் திறந்தால் ஒன்றை நடுவில் போட வேண்டும். தீர்ந்துவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நேரம் முடிவதற்குள் கையிலும் மிஞ்சக் கூடாது. டாக்டர் மகள் நாலு நிமிடத்தில் ஐந்தையும் போட்டுவிட்டு, பதினோரு நிமிடம் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவம், பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் அடுத்த வாரமே மாறிவிட்டாள். மற்றவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, எங்கே போட்டால் எடுபடும் என்று பார்த்துப் போடுகிறாள். இதை எனக்கு எந்த கோச்சிங்கும் சொல்லித் தரவில்லை. கடைக் கல்லாவில் உட்கார்ந்து மூன்று கம்பெனி ஏஜென்டுகளை ஒரே நேரத்தில் சமாளித்தால் தானாக வரும் புத்தி.

நேற்று பாலாறும் தோல் தொழிற்சாலைகளும் என்று தலைப்பு கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் சஸ்டெய்னபிலிட்டி என்ற வார்த்தை ஒன்பது தடவை வந்தது, விரல் விட்டு எண்ணினேன். நம் நோட்டைப் போலவே வார்த்தை இருக்கிறது, சரக்கு இல்லை. கெடுதல் வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான். தோல் கழிவு பற்றிய வழக்கேதான். போன வருஷம் ஜனவரியிலும் இதே விஷயத்துக்கு அதே நீதிமன்றத்திலிருந்து இன்னொரு தீர்ப்பு வந்தது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்துகிறார்கள். இங்கே மொட்டை மாடியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆம்பூர்ப் பையன் அதுவரை ஒரு கொட்டைகூடப் போடவில்லை. பத்தாவது நிமிடத்தில் ஒன்றை வைத்தான். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். "எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணிய குடிக்க முடியாது. எங்கப்பா சம்பளம் அந்தக் கம்பெனியிலருந்துதான் வருது. ரெண்டும் உண்மை. எத முன்னாடி சொல்றதுன்னுதான் இவ்ளோ நேரம் யோசிச்சேன்." அவ்வளவுதான். டாக்டர் மகள்கூடக் கையில் வைத்திருந்ததைப் போடவில்லை. இதையே முதல் நிமிடத்தில் சொல்லு, பின்னாலேயே அந்த 1996 வழக்கைச் சொல்லு, மீதிப் பேர் உன் பின்னால்தான் வரவேண்டும் என்றேன். காதெல்லாம் சிவந்துபோனான்.

என் மகள் கையில் நாலு புளியங்கொட்டை மிச்சம்.

ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, அன்னிக்கு உனக்குக் காய்ச்சல் வராம இருந்து, நீ அந்த ஜி.டி.க்குப் போயிருந்தா, உன் கையில எத்தன மிஞ்சியிருக்கும்?"

அடியே, எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் இல்லை. நான் போனேன்.

இருபத்திரண்டு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். 2003 நவம்பரில் எழுதிய கேட், கேள்வித்தாள் வெளியானதால் ரத்தாகி, 2004 பிப்ரவரியில் மறுபடி எழுதினோமே, அதற்கப்புறம் எனக்கு வந்த அந்த ஒரே அழைப்பு. உன் ஊர் வாலாஜா ரோடு ஸ்டேஷனில்தான் அப்பாவும் நானும் ரயில் ஏறினோம். நீ பார்த்துவிடுவாயோ என்று பயம், ஏன் என்று தெரியவில்லை. சென்னையில் எட்டுப் பேரை அரைவட்டமாக உட்கார வைத்தார்கள். தலைப்பு என்ன தெரியுமா? ஐ.ஐ.எம். கட்டணத்தை வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து 30,000 ஆகக் குறைக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டிருந்ததே, அது சரியா தவறா.

அந்த அறையில் அதைப் பற்றிப் பேச என்னைவிட யாருக்கும் அதிக விஷயம் இருந்திருக்காது. அப்பா ரைஸ் மில் ரசீதுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்ட கணக்கு முழுவதும் எனக்கு மனப்பாடம். அவருடைய மூன்று வருஷச் சம்பளம், அம்மாவின் வளையல், சித்தப்பா தருவதாகச் சொன்ன இருபதாயிரம், அப்படியும் குறையும் தொகை. அந்த ரசீதைச் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? சமத்துவம் பற்றி ஒரு வாக்கியத்தை ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். இடைவெளிக்காகக் காத்திருந்தேன், இன்றைக்கு இவள் காத்திருக்கிற மாதிரி. ஒருவழியாக நுழைந்து சொன்னேன். அதில் எபிடோம் என்றேன்.

எதிரில் டை கட்டிய ஒரு பையன், "ஆமாம், அவங்க சொன்ன மாதிரி, எபிட்டமி" என்று தொடர்ந்தான். சிரித்தானா என்றுகூடத் தெரியாது. எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்கப்புறம் நான் வாயே திறக்கவில்லை.

என் தாத்தா திண்ணைப் பள்ளியில், சொல்லுக்குப் பொருள் சொல்லும் நிகண்டு படித்தவர். அதெல்லாம் செய்யுள், வாத்தியார் சொல்லச் சொல்லப் பையன்கள் கூடவே சொல்வார்கள், வாய்க்குப் பழகிவிடும். நாம் பஸ்ஸில் கண்ணால் படித்தோம். ஆற்காடு பஸ்ஸில் எபிட்டமி என்று சொல்லிக் காட்ட யார் இருந்தார்கள்? ஹைப்பர்பலியை ஹைப்பர்போல் என்றுதானே நீயும் சொல்லிக்கொண்டிருந்தாய்? உனக்கு யார் திருத்தினார்கள்? எங்கே, எப்போது? நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும், எழுது. நீ மட்டும் எப்படித் தப்பித்தாய் என்று கொஞ்ச நாள் உன்மேல் கோபம்கூட இருந்தது. அதனால்தான் உன் கல்யாணத்தில் அவ்வளவு குறைவாகப் பேசினேன். நீ அதற்கு என் மாமியாரைக் குற்றம் சொன்னாய். அந்தப் பழி மட்டும் அவர்மேல் நியாயமில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பா நின்றிருந்தார். "நல்லா பேசினியா?" என்றார். "பேசினேம்பா" என்றேன். ஆற்காடு திரும்பியதும் அரைக் கிலோ மக்கன் பேடா வாங்கினார். உனக்குச் சொன்ன பொய்யைவிட அந்தப் பேடாதான் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி யோசித்தபோது ஒன்று தோன்றியது. அந்தப் பையன் ஒருவேளை எனக்கு உதவி செய்திருக்கலாம். அவங்க சொன்ன மாதிரி என்று ஆரம்பித்தானே. என் பேச்சைத் தூக்கி நடுவில் வைத்திருக்கிறான், நான் மறுபடி உள்ளே வருவதற்கு அதைவிட நல்ல வாசல் கிடைத்திருக்காது. வாசலைப் பார்க்காமல் நிலைப்படியில் இடித்துக்கொண்டதை மட்டும் நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

பெரியவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "அப்ப உனக்கும் நாலுதான்" என்றாள். போய்ப் படுத்துவிட்டாள்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. வருஷத்துக்கு நூறு பேரை வேலைக்கு எடுப்பதாகப் பீற்றிக்கொள்கிறாயே, அடுத்த ஞாயிறு ஐந்தரைக்கு வீடியோவில் வா. போனை மாடிச் சுவரில் சாய்த்து வைக்கிறேன். தலைப்பை நீயே கொடு, பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்லாதே. அத்தை என்று அவள் கூப்பிட்டால் உருகிவிடாதே. நடுவில் அவள் ஏதாவது தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்து, எல்லார் முன்னாலும் திருத்து. அதற்கப்புறம் அவள் அடுத்த கொட்டையை வைக்கிறாளா என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஆற்காட்டுக்காரி

பி.கு.: இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கேட்டிருந்தாய். பார்சலில் அனுப்பினால் புனே போய்ச் சேரும்போது கொத்சுக்குக்கூட ஆகாது. வந்து சாப்பிட்டுவிட்டுப் போ.