மைசூரில் இருக்கும் மகளுக்கு: அலமாரியில் கிடக்கும் சியா விதை குறித்து

நாகப்பட்டினம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, பேரன், சம்பந்தி அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சியா விதையை என்ன செய்வதென்று நேற்று இரவு நீ தொலைபேசியில் கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே அடுப்பில் பால் பொங்கிவிட்டதால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டேன். அலுவலகத் தோழி ஒருத்தி எச்.டி.கோட்டேயில் உள்ள தங்கள் நிலத்தில் விளைந்த சியா விதையை ஒரு கிலோ கொடுத்தாள் என்றும், நீயும் மாப்பிள்ளையும் ஒரு வாரம் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் போட்டுக் குடித்துவிட்டு அலுத்துப்போய் நிறுத்திவிட்டீர்கள் என்றும், மிச்சம் அலமாரியில் கிடக்கிறது என்றும் சொன்னாய். அலுத்துப்போனதில் எனக்கு வியப்பே இல்லை. வெந்தயத்தையும் எள்ளையும் நம் வீட்டில் யாரும் நாள் நட்சத்திரம் பார்த்துத் தனியாகத் தின்பதில்லை. அவை தோசை மாவிலும் பொடியிலும் குழம்பிலும் சேர்ந்துகொண்டு, இருக்கும் இடம் தெரியாமல் வயிற்றுக்குள் போய்விடுகின்றன. சியாவையும் அப்படிச் சமையலுக்குள் நுழைத்துவிட்டால்தான் அது நிலைக்கும். உன் அப்பாவுக்கு நார்ச்சத்தைக் கூட்டச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளாக நான் செய்து பார்த்து, கெடுத்து, திருத்திக்கொண்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் உன் கையில் இருப்பது சியாதானா என்று பார்த்துக்கொள். நான் முதன்முதலில் இங்கே ஒரு கடையில் சியா என்று கேட்டபோது, கடைக்காரர் கொஞ்சமும் தயங்காமல் சப்ஜா விதையைக் கட்டிக் கொடுத்துவிட்டார். நானும் ஒரு மாதம் அதைத்தான் சியா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சப்ஜா என்பது திருநீற்றுப் பச்சிலையின் விதை. நன்னாரி சர்பத்திலும் ஃபலூடாவிலும் நீ சிறுவயதிலிருந்து குடித்தது அதுதான். அது முழுக்கக் கறுப்பாக இருக்கும். தண்ணீரில் போட்ட சில நிமிடங்களிலேயே கண்ணாடி உறை போட்டுக்கொண்டு உப்பிவிடும். சியா விதையை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் சாம்பலும் பழுப்புமாக, மேலே காடை முட்டை ஓட்டில் உள்ளதுபோல வரி வரியாகத் தெரியும். ஊடே வெள்ளை விதைகளும் கிடக்கும். அது ஊறுவதற்கு 20 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வேண்டும். இரண்டும் துளசிக் குடும்பத்துச் செடிகள்தாம் என்றாலும் ஊர் வேறு. சியா, மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் பிறந்தது. முற்காலத்தில் மெக்சிகோவில் வாழ்ந்த அஸ்டெக் மக்கள் மக்காச்சோளத்தோடு அதையும் உணவாகக் கொண்டதோடு, அரசனுக்குக் கப்பமாகவும் கட்டியிருக்கிறார்கள். அது உங்கள் மைசூர்ப் பக்கத்து நிலங்களுக்கு வந்து சேர்ந்ததில், உங்கள் ஊரிலேயே இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு; நம் மண்ணில் அதைப் பயிரிடும் முறையை வகுத்து விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தவர்கள் அவர்கள்தாம். ஆகவே உன் தோழி கொடுத்தது கப்பலேறி வந்த சரக்கன்று.

இனி ஊறவைப்பது. இதில் அவசரப்பட்டால் மற்றவை எல்லாம் வீண். சியா தன் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேலாகத் தண்ணீரை உறிஞ்சக்கூடியது. அதனால் ஒரு மேசைக்கரண்டி விதைக்கு முக்கால் தம்ளர் தண்ணீராவது வேண்டும். தண்ணீரை ஊற்றி விதையைத் தூவிக் கலக்கிவிட்டு அப்படியே போய்விடாதே. போனால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தம்ளரின் அடியில் கட்டி தட்டிவிடும். மேலே உள்ளவை ஊறியிருக்கும், கட்டிக்குள் இருப்பவை நறநறவென்று பல்லில் மாட்டும். ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து இன்னொருமுறை, முள்கரண்டியால் அடியைக் கிளறிவிடு. அரை மணியில் ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றி ஒரு வழுவழுப்பான வட்டத்தோடு தனித்தனியே மிதக்கும். நான் இரவில் ஒரு சிறிய கிண்ணத்தில் இப்படி ஊறவைத்து, மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். மூன்று நான்கு நாள் கெடாமல் இருக்கிறது. காலையில் கையெட்டும் தூரத்தில் தயாராக இருந்தால்தான் சேர்க்கத் தோன்றும். ஊறவைக்க வேண்டுமே என்று நினைத்தாலே மனம் தள்ளிப்போட்டுவிடும்.

ஊறாத விதையை யாரும் அப்படியே வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. உன் மாமனாருக்குப் பொட்டுக்கடலை, வேர்க்கடலை என்று எதையாவது கையில் அள்ளி வாயில் எறிந்துகொள்ளும் பழக்கம் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில் 39 வயது மனிதர் ஒருவர் ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த சியாவை விழுங்கிவிட்டு மேலே தண்ணீர் குடித்ததில், அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்டு, மருத்துவர்கள் கருவியை உள்ளே விட்டு அடைப்பை நீக்க வேண்டியதாயிற்று; 2014-இல் அங்கே நடந்த மருத்துவர் மாநாட்டில் இதைப் பேசியிருக்கிறார்கள். டப்பாவை அவர் கண்ணில் படாத இடத்தில் வை. அவர் இரத்தக் கொதிப்புக்கும் இரத்தம் உறையாமல் இருப்பதற்கும் மாத்திரை சாப்பிடுபவர். எனவே அவருக்கு நாள்தோறும் கொடுக்கத் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

அளவிலும் நிதானம் வேண்டும். சப்ஜாக் குழப்பம் தீர்ந்து உண்மையான சியா கைக்கு வந்த உற்சாகத்தில், ஒரு செம்பு மோரில் நான்கு மேசைக்கரண்டியைக் கொட்டி எங்கள் இருவருக்கும் ஊற்றினேன். அன்று முழுவதும் வயிறு உப்புசம். உன் அப்பா அதற்குப் பிறகு ஒரு வாரம் மோர் என்றாலே எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். முதல் வாரம் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி போதும். பேரனுக்கு அதில் பாதி. பெரியவர்கள் மெல்ல மெல்ல ஒரு மேசைக்கரண்டிக்கு வரலாம். அந்த நாட்களில் தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் மலச்சிக்கலைப் போக்க வந்ததே மலச்சிக்கலைக் கொண்டுவரும்.

எந்த உணவில் சேர்ப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. தண்ணீர் மிகுந்து நிற்கும் பண்டத்தில் சியா பொருந்தும். மொறுமொறுப்பாக இருக்க வேண்டியதிலும் தெளிவாக இருக்க வேண்டியதிலும் பொருந்தாது. தயிர்ப் பச்சடியை எடுத்துக்கொள். வெள்ளரிக்காயோ காரட்டோ துருவிப் போட்டு உப்புச் சேர்த்த பத்தாவது நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டு சாப்பாட்டுத் தட்டெங்கும் ஓடுமே, அதில் பாதி ஊறிய சியா ஒரு தேக்கரண்டி கலந்தால், காய் விடும் தண்ணீரை அது குடித்துக்கொண்டு பச்சடியைக் கெட்டியாக நிறுத்திவிடும். மேலே கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டினால் எது கடுகு, எது சியா என்று உன் மாமனாருக்கே தெரியாது. தேங்காய்ச் சட்னியிலும் இதே உபாயம் செல்லும். நீர்மோரில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயத்தோடு ஊறிய சியா இரண்டு தேக்கரண்டி விட்டால், வெயிலில் வந்தவர்களுக்கு அதுவே அரைச் சாப்பாடு. ஆனால் விதையை மோரிலேயே ஊறவைக்காமல், முன்பே தண்ணீரில் ஊறவைத்துக் கலந்தால்தான் சீராக இருக்கும்.

எலுமிச்சைச் சாற்றில் போடுவது மெக்சிகோக்காரர்களின் சொந்தப் பழக்கம். தண்ணீர், எலுமிச்சை, சர்க்கரை, சியா, அவ்வளவுதான் அவர்களுடைய கோடைப் பானம். நான் சர்க்கரைக்குப் பதில் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துப் பானகமாக்கிவிடுகிறேன்.

தயிர்சாதத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய். பேரனின் டப்பாவுக்குக் காலை ஏழு மணிக்குப் பிசைவது மதியத்துக்குள் எப்படியும் இறுகிவிடும்; சியாவும் சேர்ந்தால் கரண்டியே நிற்கும். ஒரு கிண்ணம் சாதத்துக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். வழக்கத்தைவிட அரைத் தம்ளர் பால் கூடுதலாக விட்டுத் தளரப் பிசைந்து, மாதுளை முத்துகளைத் தூவி அனுப்பு. போன விடுமுறையில் இங்கே வந்திருந்தபோது அவன் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது தவளை முட்டை" என்று ஓடிப்போனான். கண்ணுக்குத் தெரிந்தால் அவன் தொடமாட்டான் என்று அன்றே புரிந்துகொண்டு, பொடியில் அரைத்துச் சேர்க்கத் தொடங்கினேன்.

இட்லிப் பொடிக்கு உளுத்தம்பருப்பு ஒரு கப், கடலைப்பருப்பு அரைக் கப், மிளகாய் பன்னிரண்டு, எள் இரண்டு மேசைக்கரண்டி என்ற நம் வழக்கமான அளவை வறுத்து இறக்கியபின், அடுப்பை அணைத்துவிட்டுச் சூடான வாணலியில் மூன்று மேசைக்கரண்டி சியாவைப் போட்டுப் புரட்டு; அந்தச் சூடே போதும். எண்ணெய் மிகுந்த விதை என்பதால் கடைசியில் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்து. தொடர்ந்து அரைத்தால் பொடி கசிந்து ஒட்டிக்கொள்ளும். முழு விதை காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும்; அரைத்துவிட்டால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும் என்பதால் பதினைந்து நாளுக்குப் போதுமான அளவே அரை. வெறும் சியாவை அரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொண்டால், சப்பாத்தி மாவிலும் ஒரு கப்புக்கு ஒரு தேக்கரண்டி வீதம் சேர்க்கலாம். மாவு வழக்கத்தைவிடத் தண்ணீர் கேட்கும், கொடுத்துவிட்டுக் கால் மணி மூடி வை.

இட்லி தோசை மாவில் இரவே கலக்காதே. நான் அப்படிச் செய்த அன்று காலையில் மாவு கொழகொழவென்று கரண்டியோடு எழுந்து வந்தது. தோசை கல்லைவிட்டுப் பெயர மறுத்தது. வார்ப்பதற்குச் சற்று முன், எடுத்துவைத்த மாவில் மட்டும் ஊறிய விதையைக் கலந்து ஊத்தப்பமாக ஊற்றினால் மெத்தென்று வரும். அடைக்கும் அப்படியே. கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், ஓட்ஸ் கஞ்சி ஆகியவற்றில் ஆறியபின் கலந்துகொள்ளலாம். ரசத்தில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ரசம் ரசமாக இருக்கட்டும். உங்கள் சந்தைக்குப் பாதாமி மாம்பழம் வரும்போது நன்கு பழுத்த ஒன்றைப் பிசைந்து, ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த சியாவைக் கலந்து நான்கு மணி நேரம் குளிரவைத்தால், அந்தச் சாற்றிலேயே விதை ஊறி ரொட்டியில் தடவும் பதத்துக்கு வந்துவிடும், சர்க்கரையே தேவைப்படாது. முட்டை சேர்க்காமல் கேக் செய்ய நினைத்தால், ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி அரைத்த சியாவும் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரும் ஈடு.

இவ்வளவும் எழுதிவிட்டு, அதனால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் மாப்பிள்ளை கணக்குக் கேட்பார். ஒரு மேசைக்கரண்டி என்பது ஏறக்குறைய 12 கிராம். அதில் நார்ச்சத்து 4 கிராம், புரதம் 2 கிராம், கால்சியம் சுமார் 75 மில்லிகிராம், கலோரி 60-க்குச் சற்றுக் குறைவு. நார்ச்சத்துத்தான் உண்மையான வரவு. வெள்ளைச் சாதமும் இட்லியுமாக ஓடும் நம் வீடுகளில் குறைவது அதுதான். கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக் கீரையும் முன்பே இருக்கின்றன. சியா வந்ததென்று அவற்றை நிறுத்திவிடாதே. ஒமேகா 3 என்னும் நல்ல கொழுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்கிறார்கள். உண்மையிலேயே சியாவில் அது நிறைய உண்டு. ஆனால் விதைகளில் இருக்கும் வகையை நம் உடல் மீனில் இருக்கும் வகையாக மிகக் கொஞ்சமே மாற்றிக்கொள்கிறது. ஆகையால் வாரத்தில் ஒருநாள் நீ வைக்கும் மத்திக் குழம்பை விட்டுவிட்டு, அதான் சியா இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. குடித்தால் எடை இறங்கும் என்பதும் தானாக நடப்பதன்று. மேலே போட்ட வெல்லத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

உன்னிடம் மிச்சம் இருப்பது, நான் சொன்ன அளவில் நாலைந்து பேருக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு வரும். வேறு புதிதாக வாங்காதே.

அடுத்த வாரம் அப்பா மைசூர் வரும்போது இட்லிப் பொடியைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொடுத்தனுப்புகிறேன். பேரனிடம் அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் குழைத்துக் கொடு. காலியானதும் பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிடு, அந்த மூடிதான் காற்றுப் புகாமல் மூடுகிறது.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா