எடையைக் கணக்கிடாமல் பொருத்தப்பட்ட சஸ்பென்ஷன் குறித்த புகார்

அனுப்புநர்:
ஃபோர்ச்சூனர் வாகன உரிமையாளர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பொருத்தமற்ற ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். தங்கள் பணிமனையில் என் வண்டிக்கு இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி), ரூஃப் ரேக் (கூரைமேல் சாமான் தாங்கி), கூரைக் கூடாரம், பின்புறச் சாமான் இழுப்பறைகள் ஆகியவற்றைப் பொருத்திக்கொண்டேன். வண்டியை 2 அங்குலம் உயர்த்தும் சஸ்பென்ஷன் தொகுப்பையும் (சுமையைத் தாங்கும் ஸ்பிரிங்குகள், அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்கள்) தாங்களே தேர்ந்தெடுத்து மாட்டினீர்கள். குடும்பத்துடன் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குச் சென்று முகாமிடவே இவ்வளவும் செய்கிறேன் என்பதைத் தங்கள் ஆலோசகரிடம் தொடக்கத்திலேயே தெரிவித்திருந்தேன்.

ஸ்பிதிக்குப் போகும் வழியில், கிராம்பூவிலிருந்து பாத்தல் செல்லும் சாலையின் தன்மை தங்களுக்குத் தெரியாததல்ல. சந்திரா ஆற்றை ஒட்டி, உருளைக்கற்களும் பனி உருகி வழியும் ஓடைகளும் மாறி மாறி வரும் அவ்வழியில், டயர் காற்றைக் குறைத்து மிக மெதுவாகவே ஓட்டினேன். அப்படியும் சத்ரு என்னும் ஊரைக் கடந்தபின் குழிதோறும் பின்பக்கம் பம்ப் ஸ்டாப்பில் (ஸ்பிரிங் அமுங்கும் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பில்) இடித்தது. சோட்டா தாரா அருகே இடப்புற ஷாக் அப்சார்பரின் எண்ணெய் முழுவதும் ஒழுகி, அதன் மேல் பிடிமானமும் முறிந்தது. வயதான பெற்றோருடன் ஸ்பிதிக்குள் நுழையும் குன்சும் கணவாயை ஏறத் துணியாமல் பயணத்தைக் கைவிட்டு, வண்டியை லாரியில் ஏற்றி மணாலிக்குக் கொண்டுவர நேர்ந்தது.

ஊர் திரும்பியதும் விலைப்பட்டியலில் உள்ள பாக எண்ணைத் தயாரிப்பாளரின் அட்டவணையுடன் ஒப்பிட்டேன். தாங்கள் மாட்டியது கூடுதல் சுமை ஏற்றாத வண்டிக்கான ஸ்பிரிங். நிரந்தரச் சுமைக்கான கடினமான ஸ்பிரிங் அதே அட்டவணையில், அடுத்த வரியிலேயே இருக்கிறது. எடை மேடையில் நிறுத்திப் பார்த்தபோது, தாங்கள் பொருத்திய பொருள்கள் மட்டுமே, ஆட்களும் தண்ணீர்க் கேன்களும் ஏறுமுன், 300 கிலோவுக்கு மேல் இருந்தன. சுமையால் ஸ்பிரிங் எப்போதும் அமுங்கியே நின்றால் சக்கரம் மேலெழ இடமிருக்காது. ஷாக் அப்சார்பர் ஓய்வின்றி உழைத்து, எண்ணெய் சூடேறி நுரைத்து, அதிர்வைத் தணிக்கும் திறனை இழக்கும். ஒரு கிலோவைக்கூடக் கணக்கிடாமல் இவ்வளவு எடையை என்னிடம் விற்றீர்கள் என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

கூரைக் கூடாரத்திலும் இதே அலட்சியம்தான். நின்ற வண்டியின் கூரை தாங்கும் அளவை மட்டும் சொன்னீர்கள். ஓடும் வண்டியின் கூரைக்கு அனுமதிக்கப்பட்ட, அதைவிட மிகக் குறைந்த அளவைச் சொல்லவில்லை. சரிவான பாதையில் வண்டி கவிழாதிருக்கக் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாம் அளவே. மேலும், தங்கள் கையேட்டில் சந்திரதால் ஏரிக்கரையிலேயே கூடாரம் விரித்த படம் உள்ளது. அங்கே முகாமிடத் தடை உண்டு. அந்த ஏரியை நேசிப்பவன் என்ற முறையில் அப்படத்தை நீக்குமாறு வேண்டுகிறேன்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அனுமதி எதுவும் வேண்டியதில்லை என்று தங்கள் ஆலோசகர் கூறியது எந்த அடிப்படையில் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

சஸ்பென்ஷன் தொகுப்பின் விலை, பொருத்துக் கூலி, லாரிச் செலவு ஆகியவற்றை 15 நாள்களுக்குள் திருப்பித் தரவேண்டும். தவறினால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் முறையிடுவேன். விலைப்பட்டியல், எடைச் சீட்டு, முறிந்த பாகத்தின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்