இலவசமாகப் பெற்றதை முதல் வரியிலேயே சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவகங்களையும் கைப்பேசிகளையும் பற்றிச் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்பவர்கள் அனைவரும் ஓசியில் வாங்கிக்கொண்டு புகழ்பாடுபவர்களே என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அலுவலக வேலை போக எஞ்சிய நேரத்தில் புத்தகங்களையும் வீட்டு உபயோகப் பொருட்களையும் பற்றி ஊதியமின்றி எழுதிவருபவன் என்ற முறையில், அவருடைய கோபத்தில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதி தவறான இடத்தில் விழுகிறது என்பது என் கருத்து.

மதிப்புரைக்காக ஒரு பொருளை இலவசமாகப் பெறுவது புதிய பழக்கமன்று. 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்ற அறிவிப்பும், வந்த நூல்களைப் பட்டியலிடும் 'வரப்பெற்றோம்' பகுதியும் தமிழ் இதழ்களில் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. அதனால் யாரும் ஏமாறவில்லை. நூல் விலைக்கு வாங்கப்பட்டதன்று என்பது வாசகருக்குத் தெரியும். முந்நூறு பக்கங்களைப் படித்து முடிக்கும் உழைப்புக்கு அந்தப் பிரதியின் விலை ஈடாகாது என்பதும் தெரியும்.

மதிப்புரைக்காக ஓர் உணவகம் குடும்பத்தோடு அழைத்து இலவசமாகப் பரிமாறும் விருந்து அப்படிப்பட்டதன்று. உரிமையாளரே இலைக்கு அருகில் நின்று 'எப்படி இருக்கிறது?' என்று கேட்கும்போது, செஞ்சோற்றுக் கடன் என்பது ஏட்டில் மட்டும் உள்ள சொல்லாக இருப்பதில்லை. பொய் சொல்லும்படி பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சாம்பார் நீர்த்திருந்ததை எழுதாமல் விட்டுவிட்டு, நன்றாக இருந்த பாயசத்தை மட்டும் நான்கு வரி எழுதினால் போதும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பில் கையில் வராதவரால் அந்தச் சாப்பாடு அந்த விலைக்குத் தகுமா என்று சொல்ல முடியாது. வரிசையில் காத்திருக்காதவரால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே இடம் கிடைக்குமா என்றும் சொல்ல முடியாது. வாசகர் முதலில் அறிய விரும்புவது இவற்றைத்தான். கைப்பேசி நிறுவனங்களும் விற்பனை தொடங்கும் முன்பே பொருளை அனுப்பி, இந்த நாளில் இந்த மணிக்குத்தான் கருத்தை வெளியிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. ஆறு மாதம் கழித்து அதன் பேட்டரி என்ன ஆனது என்பதை அந்த அவசரத்தில் யார் சொல்வது?

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமல்லாமல் இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், விடுதித் தங்கல், உறவு முறை ஆகிய எல்லாமே வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டிய தொடர்புகளே. அந்த அறிவிப்பை ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. காணொளி என்றால் எழுத்தாகவும் வர வேண்டும், குரலாகவும் வர வேண்டும். தவறான விளம்பரத்துக்குத் துணைபோனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். வருமான வரித் துறையின் பார்வை இன்னும் நேரடியானது. தொழில் தொடர்பாக ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பெறப்படும் பலன்களுக்கு 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு என்ற விதி 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, விளம்பரத்துக்காகத் தரப்படும் காரையோ கைப்பேசியையோ வைத்துக்கொண்டால் அது பலன், திருப்பிக் கொடுத்துவிட்டால் பலன் அன்று என்று அத்துறை விளக்கமளித்தது. இந்த விஷயத்தில் நான் படித்தவற்றுள் மிகத் தெளிவான வரையறை வரி அதிகாரிகளிடமிருந்து வந்திருப்பது சற்று வேடிக்கைதான்.

ஆனால் இவ்விதிகளின் கண் பெரிய பெயர்களின் மீதே விழுகிறது. சில ஆயிரம் பேர் மட்டுமே பின்தொடரும் உள்ளூர்க்காரர் இலவச பிரியாணிக்கு ஈடாக ஒரு ரீல்ஸ் போட்டால் கேட்பார் இல்லை. இணையத்தில் வெளியாகும் நுகர்வோர் கருத்துகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் கொண்டுவந்த ஐஎஸ் 19000 தரநிலையும் விருப்பத்தின் பேரில் பின்பற்றும் ஏற்பாடாகவே அறிவிக்கப்பட்டது. அமேசான் நிறுவனம் 2016இல், இலவசத்துக்கு ஈடாக எழுதப்படும் கருத்துகளைத் தடைசெய்து, மதிப்புரைக்கு அனுப்பப்படும் நூல்களுக்கும், வாடிக்கையாளர்களுக்குத் தானே இலவசப் பொருள் தந்து கருத்துப் பெறும் 'வைன்' திட்டத்துக்கும் விலக்களித்தது. வைன் திட்டத்தில் யாருக்குப் பொருள் போக வேண்டும் என்பதை விற்பவர் தீர்மானிப்பதில்லை. கருத்தின் மேலேயே இலவசப் பொருள் என்ற குறிப்பும் இருக்கும். கொடுப்பவரும் பெறுபவரும் முகம் பார்த்துக்கொள்ளாத இந்த முறையில் நன்றிக்கடனின் பாரம் குறைகிறது.

பொழுதுபோக்காக எழுதுபவனுக்குக் கிடைக்கும் சலுகைகளை நான் வெறுப்பதாக நடிக்க விரும்பவில்லை. கடைக்கு வராத நூல் ஒன்று முன்கூட்டியே வீட்டு வாசலுக்கு வருவது மகிழ்ச்சிதான். ஆயினும் எங்களுக்குள்ள பெரிய சலுகை, எழுதாமலே இருந்துவிடும் உரிமை. எங்களுக்குப் பக்கத்தை நிரப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை, விளம்பரப் பிரிவும் இல்லை. பார்சல் வருவது நின்றுவிடுமே என்று கவலைப்படத் தொடங்கியவர், ஒரு குக்கருக்காக அந்த உரிமையை விற்றுவிட்டார் என்றே சொல்வேன்.

ஆகவே எங்களைப் போன்றவர்கள் மீது ஒட்டுமொத்தமாகச் சேறு பூசுவதைவிட, மூன்று செய்திகளை முதல் வரியிலேயே கேட்டுப் பெறுவது வாசகர்களுக்குப் பயன்தரும்: எது இலவசமாக வந்தது, அது திருப்பி அனுப்பப்பட்டதா, வெளியிடும் முன் அந்தக் கருத்து நிறுவனத்துக்குக் காட்டப்பட்டதா. மூன்றாவதுதான் முக்கியமானது, முன்கூட்டியே காட்டித் திருத்தப்பட்ட ஒன்றை விளம்பரம் என்றே கொள்ள வேண்டும். இதே வெளிப்படைத்தன்மையை அச்சு ஊடகங்களிடமும் எதிர்பார்ப்பது நியாயம்தானே? நிறுவனத்தின் செலவில் வேறு ஊருக்குச் சென்று புதிய காரை ஓட்டிப் பார்த்து எழுதப்படும் கட்டுரைகளுக்கும், சுற்றுலா விடுதிகளின் அழைப்பின்பேரில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளுக்கும் கீழே அதைத் தெரிவிக்கும் ஒரு வரியைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.