பாய் டீக்கா: அக்டோபர் 23, வியாழன்

அனைவருக்கும் வணக்கம். நம் காத்மாண்டு குடியிருப்பின் நேபாளக் குடும்பங்கள், நேபாளத் தீபாவளியான திஹாரின் கடைசி நாளில், சகோதரர்களுக்குத் திலகமிடும் பாய் டீக்காவுக்கு நம்மையும் அன்போடு அழைத்திருக்கிறார்கள். காலை 10.30, மொட்டை மாடி.

1. அக்கா, தங்கைகள் வாடாமல்லி மாலை கட்டி வரவும். காய்ந்தாலும் நிறம் மங்காத பூ என்பதால், உடன்பிறந்தவனின் நீண்ட ஆயுளை வேண்டி அணிவிக்கிறார்கள். பூவைப் புதன்கிழமையே வாங்கிவிடுங்கள்.
2. சகோதரனைச் சுற்றி எண்ணெய் விட்டு, வால்நட் உடைத்து, பிறகுதான் நெற்றியில் ஏழு வண்ணத் திலகம். முடியும்வரை எழ வேண்டாம்.
3. அண்ணன், தம்பிகள் பரிசு கொண்டு வரவும்.
4. உடன்பிறந்தார் இல்லாதவர்களுக்காக ராணி போக்கரி குளத்தின் நடுவிலுள்ள பாலகோபாலேஸ்வரர் கோயில் அன்று திறக்கும். அவசியம் பார்க்க வேண்டிய இடம். 7.30-க்குக் கிளம்புகிறோம்.

மாடிக்கா, கோயிலுக்கா, எத்தனை பேர் என்று செவ்வாய் இரவுக்குள் இங்கே பதிவிடவும்.